வலப்பக்கம் போன கற்குவியல்கள்

காலை பஸ்ஸில் கர்தாகி என்ற மலைக் கிராமத்துக்கு வந்தவர்களில் மலை ஏறும் பூட்ஸ் இல்லாமல் இறங்கியவள் அந்த அம்மாள் ஒருத்திதான். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை. தோளில் ஓர் ஆணின் முதுகுப்பை தொங்கியது. அதன் அடிப்பக்கத்தில் உலர்ந்த சேறு அப்பியிருந்தது.

"மனூசோஸ்னு ஒருத்தர் இருக்காராமே, பாதைக்குக் கல் அடுக்குறவர். அவர் வீடு எது?" என்று அவள் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துக் கேட்டாள்.

பஸ்ஸை ஓட்டி வந்த கலியோபி அந்தப் பையை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே பையை, அதற்குரியவரின் சடலத்தோடு சேர்த்துக் கீழே கொண்டுபோனது அவளுடைய பஸ்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"வாங்கம்மா, நானே கூட்டிட்டுப் போறேன்."

கலியோபிக்கு நாற்பத்தாறு வயது. ஊரில் ஆடு காணாமல் போனாலும் சரி, கல்யாண வீட்டில் மோதிரம் காணாமல் போனாலும் சரி, போலீஸ் ஏட்டாக இருந்த மனூசோஸின் வாசலில் முதலில் போய் நிற்பவள் அவள்தான். பத்து ஊகம் சொல்வாள். ஒன்பதை அவர் சிரிக்காமல் கேட்டுக்கொள்வார், பத்தாவதைக் குறித்துக்கொள்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு மலையேறிகள் சங்கம் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில், மலைமேட்டிலிருந்து கடல்வரை போகும் பாதையில் நடந்து, பனியில் சரிந்த கற்குவியல்களைத் திரும்ப அடுக்கி வைக்க வேண்டும். மஞ்சு மூடிக் கண் மறைத்தாலும் அந்தக் குவியல்களைப் பிடித்துக்கொண்டே ஆள் இறங்கிவிடலாம்.

மனூசோஸ் வாசலில் நாற்காலி போட்டு, அறுவை செய்த முழங்காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஹன்யா நகர ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"உக்காருங்கம்மா" என்றார்.

"உக்கார வரலை. என் பேர் ரோதாந்தி. மலை இடுக்கில விழுந்து செத்தாரே வாத்தியார் அரிஸ்தீதிஸ், அவர் பெண்டாட்டி. எதுக்கு இந்த வருஷம் வழியை மாத்தினீங்கன்னு கேக்க வந்தேன்."

"நான் மாத்தலையே."

அவள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அரிஸ்தீதிஸ் ஹெராக்லியோ நகரத்தில் பூகோள வாத்தியார். பதினோரு வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் அந்தப் பாதையில் தனியாக இறங்குபவர். போகிற இடத்தையெல்லாம் மணியோடு எழுதி வைப்பது அவர் வழக்கம். கலியோபி மனூசோஸின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

"6.30 விடுதி. 8.25 கணவாய். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது, காவ்தோஸ் தீவு வரை தெரிகிறது. 8.40 வழி பிரியும் இடம். இந்த வருஷம் கற்குவியல்கள் வலப்பக்கம் போகின்றன. மனூசோஸ் வழியை மாற்றியிருக்கிறார். காரணம் இருக்கும்."

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மனூசோஸ் அதை இரண்டு முறை படித்தார். "போன செப்டம்பருக்கு அப்புறம் நான் அங்க காலே வைக்கலை. என் வழி இடப்பக்கம் போகும், மழைநீர்த் தொட்டியை ஒட்டி. வலப்பக்கம் போனா கிளை இடுக்கு. பதினஞ்சு மீட்டர் பள்ளம். அங்க நான் எதுக்குக் கல் வைக்கப்போறேன்?"

"போலீஸ் காகிதத்துல மஞ்சுல வழி தவறிட்டார்னு போட்டிருக்கு" என்றாள் ரோதாந்தி. "வழி தவறுற ஆள் இல்ல அவர். உங்க கல்லை நம்பினார். அவ்வளவுதான் அவர் செஞ்சது."

அவள் குரல் உயரவில்லை. மனூசோஸ் நாற்காலியிலிருந்து காலை இறக்கி வைத்தார்.

"பையில இருக்கிறதையெல்லாம் பார்க்கலாமா?"

போலீஸ் திருப்பித் தந்தபடியே அவள் அதை வைத்திருந்தாள். இரண்டு தண்ணீர் பாட்டில்கள், இரண்டும் காலி. ஒரு ஸ்வெட்டர். ஒரு காகிதப் பையில் ஆரஞ்சுத் தோல், காய்ந்து சுருண்டு, ஒழுங்காக மடித்து வைத்தது. கயிறு கட்டிய ஒரு விசில்.

"எத்தனை ஆரஞ்சு குடுத்தீங்க?"

"மூணு. குப்பையைக் கீழ போடவே மாட்டார். பன்னண்டு மணி ஆகாம எதையும் வாயில வைக்கவும் மாட்டார். பசங்களுக்குப் பாடம் நடத்துற மாதிரிதான் நடப்பார்."

"விசில் எங்க இருந்தது?"

"இடது மணிக்கட்டுல கயிறு சுத்தியிருந்தாம். வலது கை ஒடிஞ்சிருந்ததுன்னு சொன்னாங்க. விழுந்ததுமே உயிர் போயிருக்கும், வலி தெரிஞ்சிருக்காதுன்னு போலீஸ்காரர் சொன்னார். அதை ஒண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

மனூசோஸ் ஆரஞ்சுத் தோலைத் திரும்ப மடித்துப் பையில் வைத்தார். வைக்க அவருக்கு நேரம் பிடித்தது.

"அம்மா, இதை நான் விசாரிக்கிறேன். ஆனா சில கேள்விக்குப் பதில் கிடைச்சா அப்புறம் தூக்கம் வராது."

"இப்ப மட்டும் வருதா?" என்றாள் ரோதாந்தி.

அடுத்த நாள் காலை, மேட்டு விடுதிவரை கலியோபி தன் பிக்கப்பில் அவரை ஏற்றிப் போனாள். அங்கிருந்து வண்டிப்பாதை கிடையாது. விடுதிக்காரன் வார்தீஸிடம் கோவேறு கழுதை கேட்டார்கள். ஹன்யாவிலிருந்து வந்து நான்கு வருஷமாக விடுதியை நடத்தும் ஒல்லியான ஆள் அவன்.

"ஏட்டய்யா, இந்தக் காலோட மேல போறீங்களா? விழுந்தா நான் தூக்கிட்டு வர மாட்டேன்."

"நீ ஒரு மூட்டை உருளைக்கிழங்கு தூக்கினாலே ரெண்டு நாள் படுத்துக்குவே" என்றாள் கலியோபி. "வாத்தியார் கடைசியா உன் விடுதியிலதானே தங்கினார்? என்ன பேசினார்?"

வார்தீஸின் முகம் சுருங்கியது. "என்ன பேசுவார், என் சூப்பு தண்ணி மாதிரி இருக்குன்னு வருகைப் புத்தகத்துல எழுதினார். போன வருஷமும் எழுதினார். அதுக்கு முந்தின வருஷமும்."

கழுதை நடக்கத் தொடங்கியதும் கலியோபி தன் ஊகத்தைக் கொட்டினாள். "மாமா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வழியை மாத்தினது இவன்தான். வலப்பக்கம் போறவங்க பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி வருவாங்க. பொழுது போயிடும். இன்னொரு ராத்திரி இவன் விடுதியிலதான் தங்கணும். வாத்தியார் மேல கோபம் வேற. எல்லாம் பொருந்துது."

"பொருந்துது" என்றார் மனூசோஸ். "மஞ்சு இருந்ததுன்னு போலீஸ்ல யார் சொன்னது?"

"பவ்லிஸ்தான். அவன்தானே மூணாம் நாள் சடலத்தைக் கண்டுபிடிச்சான்."

பவ்லிஸ் அவள் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்கு ஏழு வயது, சோறு ஊட்டி வளர்த்தவள் அவள். இப்போது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. மேட்டில் இருநூற்றுச் சொச்சம் ஆடு மேய்க்கிறான்.

"தேடின அன்னைக்கு யார் யார் எங்க போனீங்க?"

"கடற்கரையிலேர்ந்து மேல்நோக்கி பெரிய இடுக்கு பூரா தேடினோம். நான்தான் எல்லாரையும் பஸ்ஸுல கொண்டுபோய் இறக்கினேன். மேல்பக்கம் பவ்லிஸ் பார்த்துட்டான். அங்க யாரும் இல்லைன்னு எங்கிட்ட சொல்லி அனுப்பினான், நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். மேலயும் ஆள் போயிருந்தா ஒரு நாள் முன்னாடியே கிடைச்சிருப்பார்."

கணவாய்க்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கலியோபி ரொட்டியும் கடையில் வாங்கிய சீஸும் எடுத்து வைத்தாள்.

"கடைச் சீஸு, மன்னிச்சுக்குங்க. ஈஸ்டருக்குக்கூட பவ்லிஸ் ஒரு வட்டு குடுக்கலை. இந்த வருஷம் புல்லே இல்லையாம், பால் வத்திப்போச்சாம்."

மனூசோஸ் மெல்லுவதை நிறுத்திச் சுற்றிலும் பார்த்தார். ஏப்ரல் கடைசிவரை பனி கிடந்த வருஷம் அது. பாறைக்கும் பாறைக்கும் நடுவில் புல் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. அதைக் கடிக்க ஓர் ஆடுகூட அந்தப் பக்கம் இல்லை. கலியோபி ரொட்டித் துணுக்குகளைப் பறவைகளுக்கு உதறிக்கொண்டிருந்தாள்.

வழி பிரியும் இடத்தில் கற்குவியல் இடப்பக்கத்தில்தான் இருந்தது, இருக்க வேண்டிய இடத்தில். வலப்பக்கம் வெறும் பாறை.

கலியோபிக்கு ஏமாற்றமாக இருந்தது. "வாத்தியார் தப்பா எழுதிட்டாரோ?"

"பக்கத்துல போய்ப் பாரு. கல்லு மேல இருக்கிற பாசியைப் பாரு."

அவள் குனிந்தாள். அந்த மேட்டில் பல வருஷம் கிடந்த கல்லுக்கு வானத்தைப் பார்த்த பக்கத்தில் மஞ்சளும் சாம்பலுமாகப் பாசி படர்ந்திருக்கும். இந்தக் குவியலில் பாதிக் கற்களின் பாசி கீழ்ப்பக்கம் இருந்தது. சில உள்பக்கம் திரும்பியிருந்தன. மேலே தெரிந்தது வெளிறிய அடிப்புறம்.

"பிரிச்சுத் திரும்ப அடுக்கியிருக்காங்க" என்றாள் பரபரப்பாக. "வலப்பக்கம் கொண்டுபோய் வெச்சு, ஆள் செத்ததும் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வெச்சுட்டான். படுபாவி வார்தீஸ்."

"அடுத்து ஒரு வேலை இருக்கு. கிளை இடுக்குக்குள்ள இறங்குவியா? வாத்தியார் கிடந்த இடத்துக்கு?"

"ஆட்டுத்தடம் இருக்கு. ஒரு மணி நேரம் ஆகும்."

அவர் அந்த விசிலை அவளிடம் கொடுத்தார். "அங்க போய் ஆறு தடவை ஊது. ஒரு நிமிஷம் நிறுத்து. மறுபடி ஆறு. மலையில உதவி கேக்குற சைகை அது. நான் தொட்டிகிட்ட இருப்பேன்."

கலியோபி சரளைச் சரிவில் இறங்கினாள். போகிற வழியில் பள்ளத்தின் மேல் விளிம்பைப் பார்த்தாள். சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்தில் ஆடு போகிற திட்டு ஒன்று குறுக்காக ஓடியது. நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு அது பெயர்ந்து விழுந்திருந்தது. உடைந்த இடம் புதிதாக, ரொட்டியைப் பிட்ட மாதிரி வெள்ளையாக இருந்தது. அடியில், தொங்கு பாறையின் நிழலில், வாத்தியார் கிடந்த இடத்தில் யாரோ ஒரு மெழுகுவர்த்தியும் படமும் வைத்திருந்தார்கள். சுற்றிலும் சுவர், மேலே ஒரு துண்டு வானம். அவள் விசிலை வாயில் வைத்து ஊதினாள். சத்தம் சுவரில் மோதி, சுழன்று, நேராக மேலே போயிற்று.

அவள் திரும்ப ஏறி வந்தபோது மனூசோஸ் தொட்டியின் கல் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. கால் வலி என்று அவள் நினைத்தாள்.

"மேல திட்டு உடைஞ்சு கிடக்கு. விசில் கேட்டுச்சா மாமா?"

"என் காதுக்குள்ள ஊதின மாதிரி கேட்டுச்சு."

"அப்படின்னா?"

"வாத்தியார் எட்டே முக்காலுக்கு அந்தக் குவியலைத் தாண்டினார். உடைஞ்ச திட்டுக்குப் போக இருபது நிமிஷம். ஒன்பது மணிக்கெல்லாம் விழுந்துட்டார். பன்னண்டு ஆகாம ஆரஞ்சைத் தொடாத மனுஷன். மூணையும் தின்னு, தோலை மடிச்சு வெச்சிருக்கார். ரெண்டு பாட்டில் தண்ணியும் குடிச்சிருக்கார். வலது கை ஒடிஞ்சதால எழுத முடியலை. இடது கையில விசிலைக் கட்டிக்கிட்டார்."

கலியோபி மெதுவாக உட்கார்ந்தாள். "உயிரோட இருந்தாரா? எவ்வளவு நேரம்?"

"ரெண்டு பாட்டில் தண்ணி தீர்ற நேரம்."

அவர் தன் கைத்தடியால் காலடியில் இருந்த சரளையைக் கிளறினார். இரண்டு விரற்கடைக்குக் கீழே வெள்ளையாக இருந்தது. இன்னோரிடத்தில் கிளறினார். அங்கேயும் வெள்ளை.

"சுண்ணாம்பு" என்றாள் அவள்.

"தொட்டியைச் சுத்தி ஒரு களத்தளவுக்கு இருக்கு. எதையோ புதைச்சு மேல போட்டிருக்காங்க. நிறையப் புதைச்சிருக்காங்க. வாத்தியார் வழக்கமான வழியில வந்திருந்தா நேரா இதுக்குள்ளதான் வந்திருப்பார்."

"வார்தீஸ் எதுக்கு இங்க..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

மனூசோஸ் அவளைப் பார்க்கவில்லை. "கலியோபி, நான் எப்படிக் கல் அடுக்குவேன்?"

"பெரிசு அடியில, அதுக்கு மேல சின்னது, அதுக்கு மேல இன்னும் சின்னது. குழந்தை அடுக்குற மாதிரி."

"அந்தக் குவியலை இன்னொரு தடவை போய்ப் பாரு. பாசியைப் பார்க்காதே. அடுக்கைப் பாரு."

அவள் போனாள். அங்கே நின்றாள். ஒரு கல்லின் மேல் இரண்டு கல், இரண்டின் இணைப்பின் மேல் ஒரு கல். இடைவெளி விழுந்த இடத்தில் எல்லாம் சில்லுக் கல் செருகி இறுக்கியிருந்தது. உதைத்தாலும் அசையாது. அவளுடைய அப்பா பட்டிச் சுவரை அப்படித்தான் கட்டுவார். அதைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டவன் ஒருவன்தான். வார்தீஸுக்கு இரண்டு கல்லை ஒன்றன்மேல் ஒன்று நிற்க வைக்கத் தெரியாது.

அந்த வேலை அவசரத்தில் செய்ததுதான். ஆனால் கைக்குத் தெரிந்ததைக் கை தன்பாட்டுக்குச் செய்திருந்தது.

மேல்பக்கம் நான் பார்த்துட்டேன், யாரும் இல்ல. தம்பி சொல்லி அனுப்பிய அந்த வார்த்தையைத் தன் வாயால் இருபது பேருக்குச் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. மஞ்சு இருந்ததாகச் சொன்னது அவன். புல்லே இல்லை என்று சொன்னதும் அவன்.

திரும்பி வந்து மனூசோஸின் முன்னால் நின்றாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ சீஸைப் பத்திச் சொன்னப்ப சந்தேகம். இந்த அடுக்கைப் பார்த்தப்பத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கீழ அனுப்பினீங்க?"

"கேக்காதுன்னு ஒரு நம்பிக்கை இருந்தது. இங்க வரைக்கும் சத்தம் வராதுன்னு. வந்துடுச்சு."

விடுதிக்குத் திரும்பினார்கள். கழுதையை அவிழ்த்துக் கட்டும்போது அவள் கேட்டாள்.

"அந்தம்மாகிட்ட ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டா என்ன மாமா?"

"சொல்லலாம். என் கல்லுதான் தன் புருஷனைக் கொன்னதுன்னு அவங்க நினைச்சுக்கிட்டுப் போவாங்க. நான் தாங்கிக்குவேன். நீ தாங்குவியா?"

அவள் நெடுநேரம் கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "நாளைக்குப் பதினோரு மணிக்கு அவனை இங்க கூட்டிட்டு வரேன். எதுக்குன்னு சொல்ல மாட்டேன்."

மறுநாள் விடுதித் தாழ்வாரத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ரோதாந்தி மேசையின் ஒரு முனையில், மடியில் அந்தப் பையோடு. எதிரே பவ்லிஸ். தொப்பியைக் கையில் வைத்திருந்தான். அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டு, உள்ளுக்குள் நடுங்குபவனைப் போல இருந்தான். கலியோபி அவன் பக்கத்தில் உட்காரவில்லை, தூணோடு சாய்ந்து நின்றாள். வார்தீஸ் கேட்காமலே ராக்கிச் சாராயம் ஊற்றி வைத்தான். ஒருவரும் தொடவில்லை.

மனூசோஸ் கோர்ட்டில் சாட்சி சொல்வதைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். பாசி திரும்பிய கற்கள். உடைந்த திட்டு. சுண்ணாம்பு. ஆரஞ்சையும் தண்ணீரையும் பற்றிச் சொல்லும்போது மட்டும் ரோதாந்தியைப் பார்த்துச் சொன்னார். அவள் கைகள் பையை இறுக்கின.

"வாத்தியாரோட நோட்டுல வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்ததுன்னு இருக்கு. மஞ்சுன்னு சொன்னது ஒரே ஆள். மேல்பக்கம் தேடியாச்சுன்னு சொன்னதும் அதே ஆள். குவியலைப் பட்டிச் சுவர் மாதிரி அடுக்கினதும் அதே கை." அவர் பவ்லிஸின் பக்கம் திரும்பினார். "பவ்லிஸ், தொட்டிகிட்ட என்ன புதைச்சே?"

பவ்லிஸ் அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

"ஆடு" என்றான். "பிப்ரவரியிலேர்ந்து மாசம் ஆகாமலே குட்டி வீசிக்கிட்டிருந்துச்சு. முதல்ல ரெண்டு, அப்புறம் பத்து. என்ன நோவுன்னு தெரியும் எனக்கு, மனுஷனுக்கும் தொத்துற நோவு. கால்நடை டாக்டர் காதுக்குப் போனா மந்தை முழுசையும் அழிச்சிடுவாங்க. குட்டி வீசினதை மட்டும் கழிச்சா மீதி தப்பிக்கும்னு நினைச்சேன். முப்பத்தி நாலு ஆடு. நானே அறுத்தேன். பாறைத் தரை, குழி தோண்ட ரெண்டு நாள் ஆகும். அந்த ரெண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுதான் கல்லை மாத்தி வெச்சேன்."

"பள்ளத்துக்கா?" என்றார் மனூசோஸ்.

"திட்டு வழியா. நான் தினம் போற வழி. அதைத் தாண்டினா மறுபடி பெரிய பாதை வந்துடும். உடையும்னு தெரியாது மாமா. சத்தியமாத் தெரியாது."

"அது எனக்குத் தெரியுது. அதுக்கு அப்புறம் நடந்ததைச் சொல்லு."

பவ்லிஸ் தொப்பியை மேசையில் வைத்தான். "ஒன்பதரைக்கு விசில் கேட்டுச்சு. வேற ஆட்டுக்காரன்னு நினைச்சேன். மறுபடி ஆறு தடவை. எட்டிப் பார்த்தேன். திட்டு உடைஞ்சிருந்துச்சு. அவர் அசைஞ்சுக்கிட்டிருந்தார்."

ரோதாந்தி மடியிலிருந்த பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"அவரைத் தூக்கணும்னா ஆள் வேணும். ஆள் வந்தா தொட்டி வழியாத்தான் வரணும். எல்லாம் வெட்டவெளியில கிடந்துச்சு. சீக்கிரம் புதைச்சுட்டுப் போய்ச் சொல்லிடலாம்னு நினைச்சேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்னு. முடியலை. காலையில முடிச்சிடலாம்னு நினைச்சேன். அப்புறம், இவ்வளவு நேரம் கழிச்சுப் போய் என்னன்னு சொல்றதுன்னு..."

"அவர் எது வரைக்கும் ஊதினார்?" என்று ரோதாந்தி கேட்டாள்.

யாரும் எதிர்பார்க்காத அமைதியான குரல். பவ்லிஸ் மனூசோஸைப் பார்த்தான். மனூசோஸ் உதவவில்லை.

"மறுநாள் மத்தியானம் வரைக்கும்" என்றான். "கடைசியில ஆறு தடவை ஊத முடியலை. ரெண்டு, மூணுதான்."

வார்தீஸ் எழுந்து உள்ளே போய்விட்டான். கலியோபி தூணிலிருந்து வந்து தம்பியின் எதிரில் நின்றாள். அடிப்பாள் என்று மனூசோஸ் நினைத்தார். அவள் குனிந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். கொதித்தது.

"உனக்கும் வந்திருக்கு" என்றாள். "அந்த நோவு."

"தெரியும்."

"மீதி ஆடு?"

"போன வாரம் இன்னும் பதினெட்டு குட்டி வீசிடுச்சு. எல்லாத்துக்கும் பரவிடுச்சுக்கா. எதுவும் மிஞ்சாது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

போலீஸ் நிலையம் கடற்கரை ஊரில் இருந்தது. மேட்டிலிருந்து கர்தாகிக்கு வந்து, அங்கிருந்து கீழே போக அந்த மத்தியானம் ஒரே வண்டி, கலியோபியின் பஸ். வேறு ஓட்டுநர் கிடையாது. வழக்கமாக ஏறுகிற மலையேறிகள் நாலைந்து பேரை மனூசோஸ் மறுநாள் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டார். பின்னிருக்கையில் பவ்லிஸும் அவன் பக்கத்தில் மனூசோஸும் உட்கார்ந்தார்கள். ரோதாந்தி முன்னால், ஓட்டுநருக்கு நேர் வலப்பக்கத்து இருக்கையில்.

இருபத்தெட்டு வளைவு. கலியோபி ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பினாள். கண்ணாடியில் தம்பியின் முகம் தெரிந்தது. அவன் ஜன்னலில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான், சின்ன வயதில் காய்ச்சலில் கிடப்பானே அதே மாதிரி. அவள் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். பின்னால் வருகிற வண்டி தெரியாது என்று தெரிந்தும் திருப்பி வைத்தாள்.

கடல் தெரிய ஆரம்பித்த வளைவில் ரோதாந்தி பேசினாள், யாரிடம் என்று இல்லாமல்.

"அன்னைக்கு நான் கடற்கரையில ஓட்டல்ல உக்கார்ந்திருந்தேன். ரெண்டு மணிக்கு வரேன்னு சொல்லியிருந்தார். மீன் வறுக்கச் சொல்லிட்டேன். மூணு ஆச்சு, நாலு ஆச்சு. மீன் ஆறிப்போச்சு. எங்கயாவது பூவைப் பார்த்துக்கிட்டு நிப்பார்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன். வரட்டும், இனிமே உங்ககூட வரவே மாட்டேன்னு சொல்லணும்னு நினைச்சுக்கிட்டேன்."

கலியோபி வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அம்மா..." என்றாள்.

"நீங்க ஓட்டுங்க" என்றாள் ரோதாந்தி. "பாதையைப் பார்த்து ஓட்டுங்க."

போலீஸ் நிலையத்துக்கு இன்னும் ஒன்பது வளைவு இருந்தது. கலியோபி கியரை மாற்றிவிட்டு அடுத்த வளைவைத் திருப்பினாள்.